கொடுக்கும் வீடும் குடியிருக்கும் வீடும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

'வீட்டைக் கட்டிப் பார். கல்யாணம் பண்ணிப் பார்' என்றொரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. இரண்டிலும் கையிருப்புக் கரையும், உறவினர் குணம் தெரியும், உறக்கம் போகும் என்பது அதன் உட்பொருள். ஆனால் ஒரே காலைப்பொழுதில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்து தெருவில் நிற்க, அவர்களுக்காக வேறு யாரோ வந்து வீடு கட்டிக் கொடுக்கும் காட்சியை அப்பழமொழியைச் சொன்ன பெரியவர் கண்டிருக்க மாட்டார். கட்டுகிறவர் ஒருவர், குடியிருக்கிறவர் இன்னொருவர் என்று ஆகும்போது கணக்கெல்லாம் மாறிவிடுகிறது. கட்டுகிறவருக்குத் திறப்பு விழாவோடு வேலை முடிகிறது. குடியிருக்கிறவருக்கு அன்றுதான் தொடங்குகிறது.

நான் நாகை மாவட்டத்து மீனவக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப்பேரலை எங்கள் கரையில் ஏறியபோது நான் தாய் வயிற்றில் இருந்தேன். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எனக்குத் தொட்டில் கட்டியது தார்ச்சீட்டு வேய்ந்த தற்காலிகக் கொட்டகையில். நான் வளர்ந்தது 'சுனாமிக் குடியிருப்பு' என்ற பெயரே முகவரியாகிவிட்ட ஓர் இடத்தில். ஆகவே இப்பொருளைப் பற்றி நம் ஆண்டு மலரில் நாலு வார்த்தை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என நம்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேரிடருக்குப் பின் ஏழைக் குடும்பத்துக்குக் கட்டும் வீடு எளியதாக இருக்க வேண்டும், உறுதியாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் 'உறுதி' என்ற சொல்லை நாம் திறப்பு விழா நாளிலேயே அளந்து முடித்துவிடுகிறோம். அதில் வாழும் குடும்பம், தன் கையாலும் தன் வருமானத்தாலும், பக்கத்து ஊர்க் கொத்தனாரைக் கொண்டும் பழுது பார்த்துக்கொள்ள முடிகிற வீடே உறுதியான வீடு. அப்படி முடியாத வீடு எத்தனை மூட்டை சிமெண்டு விழுங்கியிருந்தாலும் அது கடன் வாங்கிய உறுதிதான்.

முதலில் நியாயத்தைச் சொல்ல வேண்டும். 2005-ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் தமிழக அரசு வெளியிட்ட ஆணை பல வகையில் பாராட்டுக்குரியது. 300 முதல் 325 சதுர அடியில், ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் ரூபாய் மதிப்பில் நிலையான வீடு. அதன் உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும். எங்கள் குப்பத்தில் அதற்கு முன் ஒரு பெண் பெயரில் மனைப் பட்டா இருந்ததாக என் அம்மாவுக்கு நினைவில்லை. இந்த ஒன்றுக்காகவே அந்த ஆணையை எழுதிய கைக்கு வணக்கம் சொல்லலாம். அரசு நிலம் கொடுத்தது. தொண்டு நிறுவனங்கள் பணமும் ஆளும் கொண்டுவந்து கட்டின. உலகமே உருகிக் கொடுத்தது. அந்த உருக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. யாருக்காகக் கட்டுகிறோமோ அவரிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. பேசாததன் விளைவு முதன்முதலில் தற்காலிகக் கொட்டகையிலேயே தெரிந்தது. தார் பூசிய அட்டையைக் கூரையாகவும் சுவராகவும் வைத்து, காற்று நுழைய வழியில்லாமல், நீண்ட வரிசைகளாக அடித்து நிறுத்தினார்கள். மார்கழிக் குளிரில் அது தாங்கியது. சித்திரை வந்ததும் உள்ளே இருக்க முடியவில்லை. தென்னங்கீற்று வேய்ந்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்று எங்கள் ஊர்க் கிழவிகள் கேட்கும் முன்பே அறிந்திருந்தனர், கேட்கத்தான் ஆளில்லை. சில மாதம் என்று சொன்ன கொட்டகையில் பல குடும்பங்கள் இரண்டாண்டுக்கு மேல் கிடந்தன. இங்கே ஒன்றை ஒப்பிட்டுச் சொல்லத் தோன்றுகிறது. 1995-இல் சப்பான் நாட்டுக் கோபே நகரில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, ஷிகேரு பான் என்ற கட்டடக் கலைஞர் காகிதக் குழாய்களைச் சுவராக நிறுத்தி, மணல் மூட்டை நிரப்பிய பீர்ப் பெட்டிகளை அடித்தளமாக வைத்துத் தற்காலிக வீடுகள் கட்டினார். மலிவு, குடியேறுவோரும் தன்னார்வலரும் சேர்ந்தே கட்டிவிடலாம், பிரித்தெடுப்பதும் எளிது. தற்காலிகம் என்றால் அதற்கும் ஓர் அறிவு வேண்டும் அன்றோ?

பிறகு வந்தன நிலையான வீடுகள். எங்கள் குடியிருப்பு, கோடு போட்ட தாளில் எழுதிய கணக்குப் போல வரிசை வரிசையாக நிற்கிறது. எந்த வீட்டைப் பார்த்தாலும் ஒரே வீடு. கட்டுவதற்கு முன் நிலத்தை மட்டப்படுத்தியபோது அங்கிருந்த மரங்களை வெட்டிவிட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வலை பின்ன நிழலில்லை. கருவாடு காயப்போடத் திடலில்லை. படகின் எஞ்சினைக் கழற்றி வைக்க ஒரு சாய்ப்பும் இல்லை. மீன் கூடை சுமந்து திரும்பும் பெண் கால் கழுவி உட்காரத் திண்ணை இல்லை. எங்கள் அத்தை முதல் வாரத்திலேயே கேட்டாராம்: 'அடுப்பை உள்ள வெச்சுட்டு என்னை எங்க உக்காரச் சொல்றீங்க?' கேள்வியைக் கேட்டவரைப் படம் பிடித்துக்கொண்டு போனார்களே ஒழிய, பதில் வரவில்லை.

இவையெல்லாம் வசதிக் குறைவு என்று ஒதுக்கிவிடலாம். கூரையை அப்படி ஒதுக்க முடியாது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி தானாகத் துருப்பிடிப்பதில்லை. சுற்றியுள்ள சிமெண்டு அதைக் கவசம் போலக் காக்கிறது. அந்தக் கவசத்தை உடைப்பது உப்பு. கடற்காற்றில் உப்பு உண்டு. கலவைக்கு ஊற்றும் தண்ணீர் உப்பாக இருந்தால் அதிலும் உண்டு. கழுவாத கடல் மணலைச் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். உப்பு கம்பியைத் தொட்டதும் துரு தொடங்குகிறது. துருவானது இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இடம் கேட்கும். கேட்ட இடம் கிடைக்காதபோது உள்ளிருந்து கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். முதலில் கூரையின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். அடுத்த மழையில் பழுப்பு நிறக் கசிவு. பிறகு ஒரு நாள் பாளம் பாளமாக விழுகிறது. இதைத் தடுக்கும் முறையை நம் நாட்டுக் கட்டட விதிமுறையே வகுத்திருக்கிறது. கடலோரக் காற்றுக்கு நேராக நிற்கும் கான்கிரீட்டில், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் கலவை மூடியிருக்க வேண்டும். கலவையும் தரமானதாக இருக்க வேண்டும். கொத்தனார்கள் இதனைக் 'கவர்' என்பார்கள். கம்பிக்கு அடியில் சிறு சிமெண்டுக் கட்டைகளை வைத்தால் போதும். செலவு மிகமிகச் சிறிது. எங்கள் வீட்டில் கூரை பெயர்ந்த இடத்தில் நான் அளந்து பார்த்தேன். ஒரு விரற்கடை கூட இல்லை.

நான் பள்ளி இறுதி வகுப்புப் படிக்கும்போது அத்தை வீட்டுக் கூரையிலிருந்து பாயகலத்துக்கு ஒரு பாளம் விழுந்தது. பகல் நேரமாதலால் குழந்தைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தனர். அத்தை கட்டிக் கொடுத்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னார், எழுதினோம். அவர்களுடைய பணி முடிந்து அலுவலகமே நம் மாவட்டத்தில் இல்லை என்று தெரிந்தது. அலுவலகம் ஒன்றுக்குப் போனோம். பழைய கட்டடத்தைப் பழுது பார்க்கத் தலைப்பு இல்லை என்றார்கள். கொத்தனாரைக் கூப்பிட்டோம்; அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, 'பூசித் தரலாம், நிக்காது; இடிச்சு வேற தளம் போடணும்' என்றார். அதற்குச் சொன்ன தொகை, மாமா ஓர் ஆண்டு முழுதும் கடலுக்குப் போனாலும் மிச்சம் பிடிக்க முடியாதது. இன்றும் மழைக்காலத்தில் அந்தக் குடும்பம் முன்னறையில் படுப்பதில்லை. இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு: குடியிருப்பின் வாயிலில் நிறுவனத்தின் பெயர் பொறித்த கருங்கல் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் பளபளவென்று இருக்கிறது. அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தவரே கம்பியையும் கலவையையும் கவனித்திருக்கலாம்.

இவ்வளவு சொல்வதால், கான்கிரீட்டே கூடாது, கீற்றுக் கொட்டகையே அழகு என்று நகரத்திலிருந்து வந்து பாடும் கூட்டத்தைச் சேர்ந்தவள் நான் என்று எண்ணிவிட வேண்டாம். கீற்று இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஒரு தீப்பொறி போதும். கூரைக்குள் பாம்பு நுழைவதும் கதையன்று. குடிசையில் வாழாதவர்க்கே குடிசை கவிதை. 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கசா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, எங்கள் உறவினர்கள் முப்பது பேர் ஒரே மெத்தை வீட்டின் ஓர் அறையில் நின்றே விடிய வைத்தார்கள். காலையில் கதவைத் திறந்தபோது அவர்களுடைய சொந்த வீடுகளில் கூரை என்று எதுவும் இல்லை. அவர்களிடம் போய்க் கான்கிரீட்டின் தீமையை யார் பேசுவது?

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பது விளங்கும். காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவதாகக் கொள்வோம். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 68 கிலோ எடைக்குச் சமம். காற்று கூரைமேல் ஏறி ஓடும்போது இந்த அளவில் அதை மேல்நோக்கி உறிஞ்சி இழுக்கும். ஓரங்களிலும் முகட்டிலும் இழுப்பு இன்னும் கூடுதல். தகரக் கூரையின் எடை சதுர மீட்டருக்கு ஐந்து கிலோதான். ஆஸ்பெஸ்டாஸ் பதினைந்து கிலோ அளவு. கட்டாமல் விட்டால் பறக்காமல் என்ன செய்யும்? நான்கு அங்குலக் கான்கிரீட் தளமோ சதுர மீட்டருக்கு 250 கிலோ. ஒரு சுனாமி வீட்டின் தளம் மட்டும் ஏழு டன் அளவுக்கு எடை. அது பறக்காது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்து எண்ணினால், கடற்கரை மக்கள் தளம் போட்ட வீட்டுக்கு ஏன் ஏங்குகிறார்கள் என்பது புரியும்.

ஆனால் அதே எடை இன்னோர் இடத்தில் எமனாகியிருக்கிறது. 1993 செப்டம்பர் 30-ஆம் நாள் மராட்டியத்தின் இலாத்தூர்ப் பகுதியில் நிலம் நடுங்கியபோது, தடித்த கற்சுவரும் அதன்மேல் கனத்த மண் கூரையும் கொண்ட வீடுகளே உறங்கியவர்களை நசுக்கின. கூரையின் எடை புயலில் காத்தது, நிலநடுக்கத்தில் கொன்றது. எந்த ஊருக்கு எந்தப் பகை என்று பாராமல், ஒரே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாடு முழுதும் ஓடுவது என்ன பொறியியல்?

கடற்கரைக்கும் கூரைக்கும் கான்கிரீட் ஒன்றே வழி என்பதும் இல்லை. கூரையைச் சுவரோடும், சுவரை அடித்தளத்தோடும் பிணைப்பதுதான் சூட்சுமம். சுவரின் மேல் சுற்றிலும் அறுபடாமல் ஓடும் ஒரு கான்கிரீட் பட்டை. அதில் பதித்த போல்ட்டுகளால் இறுகப் பிடித்த கைமரங்கள். இருபுறச் சரிவுக்குப் பதிலாக நாற்புறமும் சரிந்த கூரை. தாழ்வாரத்தை வீட்டுக் கூரையோடு சேர்க்காமல் தனிக் கூரையாக விடுதல் (தாழ்வாரம் போனாலும் வீடு நிற்கும்). இவ்வளவே. எங்கள் தாத்தா காலத்தில் ஐப்பசி பிறந்ததும் கிழிந்த வலையை எடுத்துக் கூரைமேல் போர்த்தி, நான்கு புறமும் இழுத்துக் கல் கட்டித் தொங்கவிடுவார்களாம். பாடப் புத்தகம் பிணைப்பு என்று சொல்வதை அவர்கள் வலை என்று சொன்னார்கள். எலிப்பொறிக் கட்டு என்று இலாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய சுவர் முறையும் நினைவுக்கு வருகிறது. செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டினால், கல் ஏறக்குறைய கால்வாசி மிச்சம். வெயிலும் உள்ளே இறங்காது. வேண்டிய இடத்தில் அந்த இடைவெளிக்குள் கம்பியை நிறுத்திக் கலவை ஊற்றி வலுப்படுத்தலாம். இவற்றை ஊர்க் கொத்தனார் பத்து நாளில் கற்றுக்கொள்வார்.

கற்றுக்கொடுத்தால் மக்கள் தாங்களே கட்டிவிடுவார்களா என்று சிலர் ஐயுறலாம். 2001 சனவரி 26-இல் குசராத்தின் கச்சுப் பகுதியைக் குலைத்த நிலநடுக்கத்துக்குப் பின் என்ன நடந்தது என்று பாருங்கள். தொண்டு நிறுவனங்கள் தத்தெடுத்த ஊர்கள் சில இருந்தன. ஆனால் மிகப்பெரும்பாலான குடும்பங்களுக்கு அரசு பணத்தைத் தவணை தவணையாகக் கொடுத்தது. ஒவ்வொரு கட்டமும் விதிப்படி கட்டப்பட்டிருக்கிறதா என்று பொறியாளர் பார்த்த பிறகே அடுத்த தவணை. கொத்தனார்களுக்குப் பயிற்சியும் உண்டு. இவ்வாறு ஏறக்குறைய இரண்டு இலட்சம் வீடுகள் உரியவர்களாலேயே எழுப்பப்பட்டன. சமையலறை எந்தப் பக்கம், மாடு எங்கே, மரத்தை விடுவதா வெட்டுவதா என்பதைக் குடும்பம் முடிவு செய்தது. பட்டை எங்கே ஓட வேண்டும் என்பதைப் பொறியாளர் முடிவு செய்தார். அவரவர் அறிவு அவரவர் இடத்தில். நம் கரையிலும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு இல்லாமலில்லை. தரங்கம்பாடியில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, பென்னி குரியாகோஸ் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு, குடும்பங்களோடு கலந்து பேசி வீடுகள் கட்டியது. பேச நேரமாகும்தான். இரண்டு ஆண்டு கொட்டகையில் கிடந்தவர்களிடம் பேச இரண்டு வாரம் இல்லை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பணத்தைக் கையில் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்ற வாதத்தை நம் வகுப்பறையிலேயே கேட்டிருக்கிறேன். தவணை முறையே அதற்கு விடை. பட்டா பெண் பெயரிலும் இருப்பதுபோல வங்கிக் கணக்கும் பெண் பெயரில் இருக்கட்டும் என்பது என் கூடுதல் விடை. உண்மையான இடர்ப்பாடு வேறு. கணவனைக் கடலில் இழந்தவர், முதியவர், ஊனமுற்றவர் ஆகியோரால் மணலுக்கும் சிமெண்டுக்கும் அலைய முடியாது. அவர்களுக்கு மட்டும் பிறர் கட்டிக் கொடுப்பதே முறை. எல்லாரையும் அவர்களைப் போலக் கருதி, உழைக்கும் கையைக் கட்டிப்போட்டு உட்கார வைத்ததைத்தான் தவறு என்கிறேன்.

2024-ஆம் ஆண்டு அறிவித்த கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய், 360 சதுர அடி என்று வகுத்தார்கள். தொகை உயர்ந்தது நன்று. ஆனால் அதே தொகையில் தஞ்சைக்கு உள்ளே கட்டும் வீட்டையும், அலை ஓசை கேட்கும் தூரத்தில் கட்டும் வீட்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. கரையோர வீட்டுக்கு நல்ல தண்ணீரை வண்டியில் கொண்டுவர வேண்டும். கவர் கூட வேண்டும். கலவை உயர்ந்ததாக வேண்டும். அந்தக் கூடுதல் செலவுக்கென ஒரு சிறு தொகையும், பத்தாண்டுக்கு ஒரு முறை கூரையைப் பார்த்துச் செப்பனிட ஒரு தலைப்பும் இல்லாவிட்டால், இன்று பால் காய்ச்சும் குடும்பம் 2040-இல் முன்னறையை விட்டு வெளியே படுக்கும்.

நம் கரைக்குப் பேரிடர் புதியதன்று. 1952, 1977, 2004, 2018 என்று தலைமுறைக்கு ஒன்றாவது வந்து போயிருக்கிறது. அடுத்தது வரும் நாள் தெரியாது. அதற்குள் செய்யக்கூடிய வேலை ஒன்று நம் கல்லூரியிலேயே இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாமில் ஆண்டுதோறும் கோயில் வளாகத்தைக் கூட்டுகிறோம். சாலையோரம் முட்செடி வெட்டுகிறோம். அதைக் குறை சொல்லவில்லை. இவ்வாண்டு முகாமைச் சுனாமிக் குடியிருப்புகளில் நடத்தலாம் என்பது என் வேண்டுகோள். ஆளுக்கொரு சிறு சுத்தியலும் குறிப்பேடும் போதும். கூரையின் அடியில் மெல்லத் தட்டினால், நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்தது பொத்தென்று ஒலிக்கும். பழுப்புக் கசிவு எங்கே, கம்பி தெரிவது எங்கே, எந்த வீட்டில் எந்த அறையில் படுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதலாம். புவியியல் துறைப் பேராசிரியர்கள் குடியிருப்பின் படம் வரையவும், எங்கள் துறைப் பேராசிரியர்கள் பழுது பார்க்கும் செலவைக் கணக்கிடவும் உதவினால், ஒரு திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதனை மாவட்ட ஆட்சியரிடம் நேரில் கொடுத்துவிடலாம். ஐப்பசி மழைக்கு முன் தொடங்குவது நல்லது. மழையில் தட்டினால் ஓசை சரியாகத் தெரியாது, வீட்டுக்காரர்களுக்கும் பயமாக இருக்கும்.